பங்குனி மாதம்: நம் ஊருக்கு வசந்தம் என்று ஒன்று உண்டா?

எனக்கு வந்த கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது. மார்ச் மாதத்தை வசந்தத்தின் தொடக்கம் என்று உலகமே சொல்கிறதே, தமிழ்நாட்டில் அப்படி ஒரு பருவம் நிஜமாகவே இருக்கிறதா? பங்குனி உத்திரத்தைத் தவிர இந்த மாதத்துக்கு என்று வேறு வழக்கங்கள், கதைகள் உண்டா? கடைசியாக, பங்குனியில் வீடு மாறலாமா? மூன்றாவதற்கு இரண்டு வரி போதும், அதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் இரண்டும் கொஞ்சம் நீளும்.

வசந்தம் இருக்கிறது. ஆனால் அதை வெயிலில் தேடினால் கிடைக்காது, மரத்தில் தேட வேண்டும். பங்குனி பிறப்பது மார்ச் 14 அல்லது 15-ல், முடிவது ஏப்ரல் 13 வாக்கில். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 20 என்பது பங்குனி ஆறாம் தேதி, ஏழாம் தேதியில் வந்து விழும். அதற்குள் திருச்சியில் பகல் வெப்பம் 36 டிகிரியைத் தொட்டிருக்கும், யாருக்கு வசந்த நினைப்பு வரும்? நம் பழைய கணக்கிலும் பங்குனி வசந்தம் இல்லை. ஆறு பருவங்களில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். ஆக ஏட்டுப்படி பனிக்காலம், உடம்புக்குக் கோடை, மரத்துக்கு வசந்தம் என்று ஒரே மாதத்தில் மூன்று பருவம். இதில் மரம் சொல்வதைத்தான் நான் நம்புகிறேன், ஏனென்றால் அது யாருடைய நாள்காட்டியையும் பார்ப்பதில்லை.

பனி என்பதும் முழுப் பொய் இல்லை. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். அந்த மாசிப்பனியின் மிச்சம் பங்குனி முதல் வாரத்தில் விடியற்காலை வயல்வெளியில் இன்னும் இருக்கும், எட்டு மணிக்கு இருந்த இடம் தெரியாது. அதற்கு மேல் வெளியே இறங்குகிறவனைப் பற்றித்தான் "பங்குனி மாதம் பகல்வழி நடந்தவன் பாவி" என்ற பழமொழி. பாவம் செய்தவன்தான் இந்த வெயிலில் நடக்க நேரும் என்பது ஒரு பொருள், பாவப்பட்டவன் என்பது இன்னொன்று, எப்படி எடுத்துக்கொண்டாலும் சரிதான்.

இப்போது மரத்துக்கு வருவோம். மாசியில் வேம்பு இலையைக் கொட்டத் தொடங்கும். தெருக் கூட்டுகிறவர்கள் திட்டித் தீர்ப்பது அந்தச் சமயத்தில்தான். பங்குனி பாதிக்குள் அதே மரத்தில் செம்பழுப்பில் கொழுந்து வந்து, அதன் பின்னாலேயே பூவும் வந்துவிடும். புங்கமரம் இன்னும் அவசரக்காரன். முழுதாக மொட்டையாக நிற்பதைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால், கண் கூசும் பச்சையில் நிற்கும். அரசமரத்துக் கொழுந்து செப்பு நிறம். கல்யாண முருங்கையும் புரசும் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து முடித்திருக்கும், இலுப்பை பூக்கும் இடங்களில் ராத்திரி முழுக்க வௌவால் சத்தம். குயில் விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். கூவுவது ஆண், முட்டையிடக் காக்கைக் கூடு தேடுவது பெண்.

மழையே இல்லாத மாதத்தில், தண்ணீருக்கு நாமே அலையும்போது, இந்த மரங்களுக்கு மட்டும் எங்கிருந்து இந்தத் தெம்பு என்று கேட்கலாம். இலை உதிர்ப்பதே தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான். ஈரம் ஆவியாகப் போகும் வழி இலைதான், பழைய இலையைக் கொட்டிவிட்டால் செலவு நின்றுவிடும். ஆழமாக இறங்கிய வேர் கீழே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏற்ற, தண்டில் ஈரம் சேரும். பகல் நீள்வதும் வெப்பம் கூடுவதும் கொழுந்துக்குச் சைகை. மழை வந்த பிறகு தளிர் விட்டால், அதே மழையில் பெருகும் புழுவும் பூச்சியும் தின்றுவிடும். அதனால் முன்கூட்டியே இலையை முற்ற வைத்துக்கொள்கிறது. கொழுந்தின் சிவப்பும் அழகுக்காக வந்ததில்லை, இளம் இலை வெயிலில் கருகாமல் காக்கும் நிறமி அது. இலையில்லாத மரத்தில் பூ இருந்தால் பறவைக்கும் வண்டுக்கும் தூரத்திலிருந்தே தெரியும் என்பது கூடுதல் லாபம். குளிர் நாடுகளின் வசந்தம் பனி உருகி வருவது, நம்முடையது வறட்சிக்கு நடுவில் வேரின் சேமிப்பில் வருவது.

இந்த வேப்பம்பூவைச் சேர்க்கிறதே ஒரு தனி வேலை. சாயங்காலம் மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டியையோ நைந்த புடவையையோ விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட வேண்டும். காலையில் பார்த்தால் வெள்ளையும் இல்லாத மஞ்சளும் இல்லாத நிறத்தில், ஐந்து இதழோடு பொடிப் பொடியாகக் கொட்டிக் கிடக்கும், தேன் வாசனை அடிக்கும், எறும்பும் இருக்கும். காம்பையும் எறும்பையும் புடைத்து எடுத்துக் காய வைத்தால் பழுப்பாகிச் சுருங்கி, ஒரு முறம் பூ ஒரு கைப்பிடியாகிவிடும். அந்தக் கைப்பிடிதான் சித்திரை முதல் நாள் பச்சடிக்கும், வருஷம் முழுக்க ரசத்துக்கும். பங்குனியில் யுகாதி வரும் தெலுங்கு, கன்னட வீடுகளில் பச்சைப் பூவே பச்சடிக்குக் கிடைத்துவிடும். கடையில் பாக்கெட்டில் விற்பதை வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் பாதி காம்பு.

மாவடுவுக்கும் இதுதான் சமயம். காற்றில் உதிர்ந்ததை எடுக்கக் கூடாது, காம்போடு பறித்ததாக, அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, கல்லுப்பு ஒரு அடுக்கு வடு ஒரு அடுக்கு என்று ஜாடியில் போட்டுத் தினமும் குலுக்கி வந்தால், வடு சுருங்கித் தானே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரிலேயே கடுகும் மிளகாயும் மஞ்சளும் அரைத்துச் சேர்ப்பார்கள். வெளித் தண்ணீர் ஒரு சொட்டுப் பட்டாலும் போச்சு.

தெற்கே பனங்காட்டுப் பக்கம் பாளை சீவத் தொடங்கியிருப்பார்கள். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர், தடவாவிட்டால் கள். பதநீரைக் கன்னியாகுமரிக்காரர்கள் அக்கானி என்பார்கள். புளி உலுக்குவது, தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாருவது, டெல்டாவில் நெல் அறுப்புக்கு முன்னாலேயே வயலில் தெளித்துவிட்ட உளுந்தும் பயறும் பிடுங்குவது, எல்லாமே இந்த மாதத்தில் நடக்கும். அதனால்தான் பங்குனி மழை என்றால் நகரத்துக்காரன் குளிர்ந்தது என்று சந்தோஷப்படுவான், உப்பளக்காரனும் உளுந்துக்காரனும் தலையில் கை வைப்பார்கள். கடற்கரையில் வேறொரு வேலை. தை, மாசியில் கரையேறி முட்டையிட்ட பங்குனி ஆமைகளின் குஞ்சுகள் மணலைப் பிளந்து வரும் காலம் இது. ஆமைக்கே இந்த மாதத்தின் பேர்தான் இருக்கிறது பாருங்கள். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ராத்திரிகளில் கரையோரம் நடந்து முட்டைகளைப் பத்திரப்படுத்தி, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள்.

சரி, வழக்கங்கள். இதை மாசிப் பௌர்ணமியிலிருந்து ஆரம்பித்தால்தான் கதை ஒழுங்காக வரும். தவத்தில் இருந்த சிவன் மேல் மன்மதன் மலரம்பு விட்டு, நெற்றிக்கண்ணில் எரிந்து சாம்பலான கதைதான் காமன் பண்டிகை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆமணக்கு, கரும்பு எல்லாம் சேர்த்துக் கட்டிக் காமனாக நட்டு, பௌர்ணமியில் கொளுத்துவார்கள். அதோடு விடிய விடிய லாவணி. ஒரு பக்கம் காமன் எரிந்தான் என்று வாதாடும் எரிந்த கட்சி, எதிர்ப்பக்கம் எரியவே இல்லை என்கிற எரியாத கட்சி. ஆசையை யாராவது எரிக்க முடியுமா என்பது எரியாத கட்சிக்காரனின் வலுவான பாயிண்ட், புராணத்திலேயே சாம்பல் என்று இருக்கிறதே என்பது மற்றவனுடையது. டேப்பு என்ற தோல்வாத்தியத்தை அடித்துக்கொண்டே பாட்டில் கேள்வி, பாட்டிலேயே பதில். முடிவு வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதே கதை இலங்கை மலையகத்தில் காமன் கூத்தாக இன்னும் பெரிதாக இருக்கிறது. தோட்டத்துக்குக் கூட்டிப்போகப்பட்டவர்கள் கையோடு கொண்டு போனது. மாசியில் அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமனை நட்டு, ரதி, மதன், தூதன், வீரபத்திரன் என்று வேஷம் கட்டி, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக ஆடிப் போய், பௌர்ணமியை ஒட்டித் தகனம். ரதியாக வருகிறவரும் ஆண்தான். வேஷம் கட்டுகிறவர்கள் விரதம் இருக்க வேண்டும். எரித்ததோடு விட்டுவிடுவதில்லை, ரதி அழுது கேட்க, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மதன் எழுந்திருக்க வேண்டும்.

மாசியில் காமனை எரித்த அதே சிவனுக்குப் பங்குனிப் பௌர்ணமியில் கல்யாணம். இடையில் ஒரே மாதம். இந்த வரிசையை யார் திட்டமிட்டார்களோ, மொட்டையாக நின்ற மரம் பூத்து முடிக்கும் இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதைக் கவனித்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது என் யூகம், சாஸ்திரம் இல்லை.

மாசியும் பங்குனியும் சேருமிடத்தில் காரடையான் நோன்பு. பிராமண வீடுகளில்தான் அதிகம். சத்தியவானை எமனிடமிருந்து மீட்ட சாவித்திரி கதை. கார் அரிசி மாவில் காராமணி சேர்த்து வெல்ல அடை, உப்பு அடை, மேலே உருகாத வெண்ணெய், கழுத்தில் மஞ்சள் சரடு. நேரம் முக்கியம், மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையை ஒட்டித்தான் சரடு கட்ட வேண்டும். மாதம் ராத்திரி மூன்று மணிக்குப் பிறந்தால் மூன்று மணிக்கு எழுந்து அடை வேக வைக்க வேண்டியதுதான். "மாசிச் சரடு பாசி படியும்" என்று அதற்கு ஒரு சமாதானமும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவு நாள் கழுத்தில் நிலைக்கும் என்ற நம்பிக்கை.

உத்திரத்துக்கு வருவோம். சூரியன் மீனத்தில் இருக்கும் இந்த மாதம், நேரெதிரே உத்திர நட்சத்திரத்தின் பக்கத்தில் சந்திரன் முழுசாக நிற்கும் நாள். அன்றைக்கு ஊரெங்கும் சாமி கல்யாணம். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் மாமரத்தடியில் மணலில் லிங்கம் பிடித்து வணங்கிய அம்மனுக்குக் கல்யாணம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும். திருப்பரங்குன்றத்துப் பங்குனி விழாவில் முருகன் தெய்வானை கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து மீனாட்சியும் சொக்கரும் பெற்றோராகக் கிளம்பி வருவார்கள். திருவாரூர் ஆழித்தேர் ஓடுவதும் பங்குனி விழாவை ஒட்டித்தான். அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை 300 டன் என்பார்கள். மயிலாப்பூரில் பத்து நாள் விழா, எட்டாம் நாள் அறுபத்துமூவர். நாலு மாடவீதியிலும் நீர்மோர், பானகம், புளியோதரை என்று எதையாவது கையில் திணிக்காமல் உங்களை விட மாட்டார்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மயிலைப் பதிகத்தில் மாசிக் கடலாட்டையும் பங்குனி உத்திரத்தையும் அடுத்தடுத்துச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலே போவாயா பெண்ணே என்று, இறந்துபோன பூம்பாவையைக் கேட்கிறார்.

அதற்கும் முந்தைய சாட்சி உறையூர். அகநானூறு 137-ம் பாட்டில், ஆற்றங்கரைச் சோலையில் பங்குனி விழா முடிந்த மறுநாள் வருகிறது. கூட்டம் போய்விட்டது, சமைத்த அடுப்புகள் மட்டும் தீயில்லாமல் கிடக்கின்றன, தலைவியின் நெற்றி அப்படி வெறிச்சோடிவிட்டது என்கிறார் புலவர். திருவிழாவை விட்டுவிட்டுத் திருவிழாவுக்கு மறுநாளைப் பாடியதுதான் அதில் விசேஷம்.

இன்றைக்கும் அதே உறையூருக்கு ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாள் பங்குனி ஆயில்யத்தன்று போகிறார். அங்கே கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி, அதாவது இருவரும் சேர்ந்து காட்சி தருவது. திரும்பி வந்தால் வீட்டில் ரங்கநாயகித் தாயார். உத்திரத்தன்று நடக்கும் மட்டையடியை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும். பல்லக்கு தாயார் சன்னிதி வாசலுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். பின்வாங்கிப் போய் மறுபடி வருவார், மறுபடி கதவு சாத்தல். தாயார் பக்கத்திலிருந்து பூவும் வாழைமட்டையும் வந்து விழும். எங்கே போயிருந்தீர் என்று ஒரு தரப்பு கேட்க, கணையாழி காணாமல் போய்விட்டது, தேடப் போனேன் என்று பெருமாள் தரப்பு சால்ஜாப்பு சொல்லும். இரண்டு தரப்பு வசனமும் முறையாக வாசிக்கப்படும். தாயார் தரப்பு ஒவ்வொரு பொய்யாகப் பிடித்துக்கொண்டே வரும், கூட்டம் யார் பக்கம் என்று சொல்லவே வேண்டாம். கடைசியில் நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் செய்து வைப்பார். அதற்குப் பிறகுதான் வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும் பெருமாளும் தாயாரும் ஒரே மண்டபத்தில் சேர்த்தியாக இருப்பது. தாயார் படி தாண்டாதவள், அதனால் அவர்தான் வர வேண்டும்.

பழனியில் தைப்பூசத்துக்கு நகரத்தார் பாதயாத்திரை என்றால், பங்குனி உத்திரம் கொங்கு நாட்டுக்காரர்களுடையது. கொடுமுடியில் காவிரித் தண்ணீரைச் செம்பில் முகந்து, தீர்த்தக்காவடியாகத் தோளில் போட்டு நடந்தே வந்து அபிஷேகத்துக்குக் கொடுப்பார்கள். வெயில் ஏறும் மாதத்தில் மலைமேல் இருக்கிறவனுக்குக் குளிர்ந்த தண்ணீர் என்பதுதான் அதன் சாரம்.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் போனால் உத்திரம் என்பது முருகனுக்கு முன்னால், குலதெய்வமாகக் கும்பிடும் சாஸ்தாவுடையது, அதாவது அய்யனாருடையது. ஐயப்பன் பிறந்த நட்சத்திரமும் இதுதான். அன்றைக்கு அந்தப் பக்கத்து வீடெல்லாம் பூட்டியிருக்கும், எல்லோரும் சாஸ்தா கோயிலில் இருப்பார்கள். குளத்தங்கரையிலோ செம்மணல் தேரிக்காட்டிலோ வருஷம் முழுக்க ஆள் அண்டாமல் கிடக்கும் கோயிலில், சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்த பேரன் பேத்திகள் கூடி நிற்பார்கள். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் மாதிரியான இடங்களில் அன்று கால் வைக்க இடம் இருக்காது. ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் எந்தச் சாதியிலும் இருக்கலாம், கோயில் வரி கொடுக்கும் குடும்பங்களின் பட்டியலில்தான் உறவுமுறை தெரியும். தங்கள் சாஸ்தா யாரென்றே தெரியாமல் போனவர்கள் பாபநாசம் மலைமேல் காரையாறு சொரிமுத்து அய்யனாரிடம் போவார்கள்.

இன்னொரு வரிசை மாரியம்மன். அம்மை போடும் காலம் இது, அதனால் எல்லாமே வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும். சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கி 28 நாள் பச்சைப்பட்டினி விரதம். விரதம் பக்தர்களுக்கு இல்லை, அம்மனே ஜனங்களுக்காக இருப்பது. அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டும். ஈரோட்டில் பெரிய மாரியம்மனுக்குக் கம்பம் நட்டு, பெண்கள் விடியற்காலையிலிருந்து குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், கம்பம் பிடுங்கும் அன்று ஊரே மஞ்சள் நீராட்டு. சத்தியமங்கலம் தாண்டிப் பண்ணாரியில் குண்டம் மிதிப்பதும் பங்குனியில்தான். இவ்வளவு திருவிழாவும் ஒரே மாதத்தில் குவிந்ததற்குப் பக்தி பாதி காரணம், மீதி வயல். தை, மாசியில் அறுப்பு முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது, உளுந்து பிடுங்கியதும் ஆற்றில் தண்ணீர் வரும்வரை பெரிய வேலை இல்லை, தேர்வடம் பிடிக்கக் கைகளும் செலவு செய்யக் காசும் இருப்பது இப்போதுதான்.

வீடு மாறுவது பற்றி. பழைய வழக்கப்படி பங்குனியில் கிரகப்பிரவேசம் செய்வதில்லை, வாடகை வீடு மாறக்கூடத் தயங்குவார்கள். கல்யாணத்துக்கு அந்தத் தடை கிடையாது, சாமிக்கே நடக்கிறதே என்று உத்திரத்தன்று தாலி கட்டுகிறவர்கள் நிறையப் பேர், சில வீடுகளில் அதையும் தவிர்ப்பார்கள். வீட்டுக்காரர் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வாடகை கேட்கிறார் என்றால், மாசி முடியும் முன் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டு, சாமானை அப்புறம் மெதுவாகக் கொண்டுபோகிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்றால் ஏப்ரல் 14 வரை பொறுங்கள், அவர்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் வெயிலுக்கு முன்னால், காலை ஏழு மணிக்குள் லாரியை வரச் சொல்லுங்கள்.